நூலின் மறுமுனையில் ஆரோக்கியம் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை பிரேயர் முடிந்து வரிசை கலைந்தபோது, எங்கள் பள்ளியின் இசை ஆசிரியை கிரேஸ் டீச்சர் என்னைக் கைகாட்டி அழைத்தார். வாத்தியங்கள் வைத்திருக்கும் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "ஆரோக்கியம் போயிட்டாரும்மா" என்றார்.

எங்கே போனார் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். கல்யாண மாதங்களில் அவர் மாதிரி வீடியோக்காரர் ஊரில் இருப்பதே அதிசயம். டீச்சரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வ. புதுப்பட்டியில் ஒரு கல்யாணத்தைத் தாலி கட்டுவது முதல் பெண்ணை வழியனுப்புவது வரை படமெடுத்து முடித்துவிட்டு, வேனில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். வேன் கிளம்பியதும் நெஞ்சைப் பிடித்திருக்கிறார். டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கேமராவை மடியிலிருந்து கடைசிவரை இறக்கவில்லையாம்.

அன்றே டீச்சர் இன்னொன்றும் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் தெருக் கூடத்தில் அவருக்காக ஒரு கூட்டம். போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த மழை நிகழ்ச்சியில் வேலை செய்த ஒவ்வொருவரும் ஒரு நினைவை எழுதி வாசிக்க வேண்டும். "நீ எழுதிக் குடு. பேரு போட வேண்டாம். நான் வாசிக்கேன். உங்க வீட்டுக்குத் தெரியாது" என்றார்.

ஆகவே எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து, அரிக்கேன் விளக்கைத் தாழ்த்திவைத்து எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா புரண்டு படுத்தால் விளக்கை ஊதி அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். நடுவில் எங்காவது பேச்சு அறுந்து தொடங்கினால் அதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரோக்கியம் அண்ணனை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் பாதிப் பேரின் கல்யாணம் அவருடைய கேசட்டில்தான் இருக்கிறது. மாப்பிள்ளையின் தலைக்கு மேல் ரோஜா விரிவதும், பெண்ணின் முகம் இதய வடிவத்துக்குள் வந்து நிற்பதும், இரண்டு பறவைகள் வந்து பெயர்களை இழுத்துக்கொண்டு பறப்பதும் அவர் கைவேலை. அதற்கு மிக்ஸிங் என்று பெயர். அதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். மதுரைக்குத் தெற்கே இந்த மாதிரி இரண்டுதான் இருக்கிறது என்பார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், "அது ரிப்பேரா கெடக்கு" என்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது என் அக்கா கல்யாணக் கேசட்டுக்காக. போட்டோக்களைப் பொறுக்கிக் கொடுக்க அம்மாவும் நானும் அவர் கடை மாடிக்குப் போனோம். அப்போது திரையில் தாலி கட்டும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் முழங்குகிறது. ரோஜா மழை கொட்டுகிறது. ஆனால் மேளத்தின் முதல் அடி விழுந்து சற்றுப் பிந்தித்தான் முதல் பூ விழுந்தது. எனக்கு அது பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருந்தது. அடக்க முடியாமல், "பூ லேட்டா விழுகுது அண்ணே" என்று சொல்லிவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தார். "ஒனக்கும் கேக்குதா பாப்பா? எனக்கும் கேக்குது. நான் அமுக்கினாலும் இந்தக் கம்ப்யூட்டர் செத்த நேரம் யோசிச்சுட்டுத்தான் பூவைப் போடும். மேளக்காரர் அடிக்கதுக்கு முன்னாடியே நான் அமுக்கணும். அவர் மூச்சு இழுக்கும்போதே அமுக்கணும்." பிறகு அந்த இடத்தை மூன்று முறை மறுபடி ஓட்டி, மேளக்காரரின் தோள் உயரும் கணத்தைத் தேடிப் பிடித்து, விசையை அமுக்கினார். பூவும் அடியும் ஒன்றாக விழுந்தன. நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் சிரித்தபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "படம் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. கூட வரணும்."

இதை இப்போது எழுதும்போதும் அந்த அடி எனக்குக் கேட்கிறது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரே ஒரு செய்தி. எட்டாம் வகுப்பிலிருந்து கிரேஸ் டீச்சரிடம் வயலின் படித்தேன். பத்தாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவில் வாசித்தேன். மறுநாள் எங்கள் உறவுக்காரர் ஒருவர் அப்பாவின் நூல் கடைக்கு வந்து, பிள்ளையை மேடையில் ஏற்றிவிட்டீர்களா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அன்று இரவு அப்பா, "இனி மேடை வேண்டாம்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்பா சத்தம் போடாமல் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வயலினை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் பள்ளி விட்டதும் வாத்திய அறைக்குப் போவதை நிறுத்தவில்லை. டீச்சர் வாசிக்கும்போது பக்கம் புரட்டிக் கொடுப்பேன். அதில் மேடை இல்லையே.

மழை நிகழ்ச்சி இப்படித்தான் தொடங்கியது. கிரேஸ் டீச்சரும், மில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் டேவிட் சாரும், பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து நால்வராக வாசிப்பார்கள். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, டேவிட் சாரிடம் செல்லோ. அது நிற்க வைத்தால் எனக்கு மூக்குவரை வரும் பெரிய வாத்தியம். முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிப்பார். பெரிய சபைக்கு அல்ல, ஓர் அறையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கென்று எழுதிய இசை அது. பாட்டு கிடையாது, தாளம் போட ஆள் கிடையாது. நான்கு பேர் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி வாசிக்க வேண்டும். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் சங்கரன் சார் இதைக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார். மேகம் ஒவ்வொரு வருடமும் நம் மலை மேல் வந்து நிற்கிறது, பெய்யாமல் போகிறது. ஏன் என்று நான் நடுநடுவே பேசுகிறேன், நீங்கள் வாசியுங்கள், ஆரோக்கியம் திரையில் காட்டட்டும் என்றார்.

ஆரோக்கியம் அண்ணன் இதைக் கேட்டு ஆடிப்போய்விட்டார். இருபது வருடமாகக் கல்யாணம் எடுத்தவரிடம் யாரும் மேகம் கேட்டதில்லை. மறுநாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு சேத்தூர் வயல் பக்கம் போய், மலை மேல் ஏறும் மேகத்தை வெயில் சாயும்வரை எடுத்துவந்தார். அந்த மேகத்தின் மேல் கம்ப்யூட்டரில் கோடுகள் வரைந்தார். சின்னச் சின்னப் புள்ளிகள். அவை ஒன்றை ஒன்று தேடி ஓடும், முட்டும், விலகும். ஒரு நாள் மாலை நால்வரும் வாசித்துப் பார்க்க அந்தக் கடை மாடிக்குப் போனபோது டீச்சரோடு நானும் போயிருந்தேன். நால்வரில் ஒருவர் ஒரு நீண்ட சுரத்தை இழுக்க, திரையில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு கம்பி போல நடுங்கியது. சத்தத்தைக் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன் அப்படி ஒன்று இருக்க முடியும் என்றே எனக்குத் தெரியாது.

ஆனால் கம்ப்யூட்டர் யோசிக்கிறதே. கெட்டிமேளம் என்றால் அவருக்கு முன்கூட்டியே தெரியும். இந்த இசையில் மேளக்காரரின் தோள் இல்லை. எங்கே திரும்பும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. எல்லாப் படமும் பிந்தியது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்போது டீச்சர் என்னைப் பார்த்தார். பக்கம் புரட்டிப் புரட்டி அந்த இசை முழுவதும் எனக்கு மனப்பாடம்.

முதல் ஒத்திகையில் "இப்போ" என்று வாயால் சொன்னேன். நால்வருக்கும் அது இடைஞ்சலாக இருந்தது. அடுத்த முறை அவசரத்தில் அவர் தோளில் தட்டிவிட்டேன். அவர் சட்டென்று விலகி உட்கார்ந்தார். "தப்பா எடுக்காத பாப்பா. என்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. நாலு பேரு பாத்தா ஒன் பேருதான் கெடும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய மனைவி லூர்து அக்கா திரைத்துணி தைத்தபடி கீழே உட்கார்ந்திருந்தார். அவர்தான் வழி சொன்னார். "ஏட்டி, இதுக்குப் போயி அழுவியா? ஒரு நூலைக் கட்டி இழு. இருவது வருசமா நானும் இவியளைக் கட்டிப்போடப் பாக்கேன், நிக்கல. நீயாவது கட்டு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் தன் இடது மணிக்கட்டை நீட்டினார். எங்கள் அப்பா நூல் வியாபாரி. வீட்டில் எப்போதும் கூம்பில் சுற்றிய கோன் நூல் இருக்கும். மறுநாள் அதிலிருந்து கொஞ்சம் அறுத்து எடுத்துவந்தேன். ஒரு முனை அவர் மணிக்கட்டில், மறுமுனை என் விரலில். ஓர் இழுப்பு என்றால் தயாராகு. இரண்டு இழுப்பு என்றால் மாற்று. கம்ப்யூட்டர் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து, கொஞ்சம் முன்பே இழுக்கப் பழகினேன். மூன்று ஒத்திகையில் படம் இசையோடு வந்துவிட்டது. நான் மீண்டும் வாசித்தேன் என்றே சொல்வேன். வயலினில் அல்ல, ஆரோக்கியம் அண்ணனின் கையில். இதை அவரிடம் சொன்னபோது, "அப்பம் நான் ஒரு வாத்தியமா? நல்லா சுருதி சேத்து வச்சுக்கோ" என்றார்.

நிகழ்ச்சி நடந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். வேறு இடம் கிடைக்கவில்லை. மண்டபத்து மேனேஜருக்கு இது என்ன நிகழ்ச்சி என்று எத்தனை முறை விளக்கியும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். போய்ப் பார்த்தால் வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு, தட்டு நிறைய ரோஜாப் பூ. வருகிறவர்கள் எல்லாம் பழக்கத்தில் சந்தனத்தைத் தொட்டு, பூவை வாங்கிக்கொண்டு, பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்காத குறையாக வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் ஒரு பக்கம். வீட்டில் நானும் அவர்களோடு போவதாகத்தான் சொல்லியிருந்தேன். நான் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில், கையில் நூலோடு இருந்தேன். எனக்கு முன்னால் கம்ப்யூட்டரோடு ஆரோக்கியம் அண்ணன், பக்கத்தில் லூர்து அக்கா.

திரை, காடாத் துணியை அகலத்துக்கு அகலம் சேர்த்துத் தைத்தது. ஒரு தையலில் சின்ன இடைவெளி. அதன் வழியே பார்த்தேன். இரண்டாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

மில்காரர்களையும் வியாபாரிகளையும் அழைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, ரோஜாவைக் கையில் என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தேன். பின்பக்கம் ஒரு கதவு திறந்துதான் இருந்தது. அப்போது ஆரோக்கியம் அண்ணன் திரும்பாமலே மெல்லக் கேட்டார்.

"நூல் நடுங்குதே பாப்பா. என்ன?"

"அப்பா வந்திருக்காக."

விளக்குகள் அணைந்துகொண்டிருந்தன. "வரட்டும். நல்லா பாக்கட்டும். நீ பாட்டைப் பாரு" என்றார்.

மேடையில் கிரேஸ் டீச்சர் வில்லைத் தூக்கினார். அவர் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது. இழுத்தேன்.

அடுத்து நடந்ததை எப்படிச் சொல்வது. இருட்டில் ஒரு புள்ளி வந்தது. டேவிட் சாரின் செல்லோ தரையிலிருந்து கிளம்பும் சத்தம் போல ஒன்றை எழுப்ப, அந்தப் புள்ளி நீண்டு மலையாயிற்று. சேத்தூர் வயலில் நின்று நாம் எல்லோரும் பார்க்கும் அதே மலை. இரண்டு வயலினும் சேர, மேகம் வந்தது. யாரோ ஒரு பாட்டி, "நம்ம மலைல்லா அது" என்று சத்தமாகச் சொன்னார். சபை சிரித்துவிட்டு உடனே அடங்கியது. நான் இழுக்கிறேன், அவர் அமுக்குகிறார், மேகம் திரும்புகிறது. இழுக்கிறேன், கோடுகள் சிதறுகின்றன. ஒரு கட்டத்தில் நான் நூலை இழுப்பதும் அவர் கை நகர்வதும் ஒன்றாகிவிட்டது. யார் முதலில் என்று தெரியவில்லை. எனக்குப் பயம் எங்கே போனது என்றும் தெரியவில்லை.

நடுவில் சங்கரன் சார் எழுந்து பேசினார். சுருக்கமாகத்தான். மேகத்தில் தண்ணீர் இல்லாமல் இல்லை என்றார். நிறைய இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு துளியும் தனியாக விழ முடியாத அளவு சின்னது. ஒன்றோடொன்று முட்டிச் சேர்ந்தால்தான் கனக்கும், கனத்தால்தான் விழும். இங்கே நான்கு பேர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், காதைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி உட்கார்ந்தார். கடைசிப் பகுதியில் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து சேர்ந்து துளியாகி, முடிவில் மழையாக இறங்க வேண்டும். அதுதான் திட்டம்.

கடைசிப் பகுதி வேகமானது. நால்வரும் ஓட்டமாக ஓடி, முடிவுக்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்து பலமாகத் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். ஒத்திகை கடை மாடியில் நடந்தபோது அது சாதாரணமாகக் கேட்டது. மண்டபத்தின் ஓட்டுக் கூரைக்குள், அத்தனை ஜனத்துக்கு நடுவில், அது கெட்டிமேளம் போலவே முழங்கியது. ஆரோக்கியம் அண்ணனின் தோள் நிமிர்ந்ததைப் பார்த்தேன். இருபது வருடப் பழக்கம். நூல் அசையவேயில்லை. அவர் கை தானாகப் போய் வேறொரு விசையை அமுக்கியது.

சேத்தூர் மேகத்தின் மேல் ரோஜா மழை கொட்டத் தொடங்கியது. நடுவில் பெரிய எழுத்தில், மணமக்கள் பல்லாண்டு வாழ்க.

சபை எழுந்து நின்றது. சிரிப்பதற்கு அல்ல. வாழை மரம், சந்தனம், மேளம் போன்ற முழக்கம், திரையில் பூ. மண்டபத்தில் அந்த முழக்கம் கேட்டால் நம் ஊர்க்காரர்களின் கால்கள் தானாக எழுந்துவிடும். கையிலிருந்த ரோஜாக்களைப் பிய்த்து மேடையை நோக்கித் தூவினார்கள். பூ தீர்ந்தவர்கள் கல்கண்டை வீசினார்கள். ஒன்று டேவிட் சாரின் செல்லோவில் பட்டுத் தெறித்தது. அவர் வில்லை நிறுத்தவில்லை. நால்வரும் நிறுத்தவில்லை. தையல் இடைவெளியில் பார்த்தேன். அப்பாவும் எழுந்து நின்று, தலைக்கு மேல் கையை உயர்த்தி, இதழ் இதழாகத் தூவிக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியம் அண்ணனுக்குச் செய்தது உறைத்துவிட்டது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "போச்சு" என்றார். இசை முடிய இன்னும் கொஞ்சமே இருந்தது. திரையில் பூ கொட்டிக்கொண்டே இருந்தது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. கொட்டுவது பூவாக இருந்தால் என்ன, கீழே இறங்குகிறதே. நான் இரண்டு இழுப்பு இழுத்தேன். அவர் அசையவில்லை. கையோடு வரும்படி மறுபடி இழுத்தேன். மணிக்கட்டு தூக்கிக்கொண்டு விசைப்பலகை மேல் போய் நின்றது. அவர் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நாளில் அவர் என்னைப் பார்த்தது அது ஒரு முறைதான். பிறகு அமுக்கினார், மெதுவாக, ஒரு படத்தை இன்னொன்றுக்குள் கரைக்கும் விசையை.

ரோஜா இதழ்கள் நிறம் வெளுத்தன. விழுந்துகொண்டே கரைந்தன. கரைந்து துளியாயின. எழுத்தும் கரைந்து ஒழுகியது. திரை முழுவதும் மழை. மலை நனைந்து கறுத்தது. நால்வரும் கடைசி அடியைச் சேர்ந்து அடித்து வில்லைத் தூக்கியபோது கடைசித் துளி விழுந்தது. முந்தவில்லை, பிந்தவில்லை.

அந்தக் கைதட்டலை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் வரிசையில் ஒருவர் ஜன்னல் பக்கம் போய் வெளியே பெய்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பெய்யவில்லை. அது வேறு கதை.

கூட்டம் கலையும்போது பலர் திரைக்குப் பின்னால் வந்தார்கள். லூர்து அக்கா என் விரலிலிருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்து, முடியாமல் பல்லால் கடித்து அறுத்து, என்னை வாத்தியப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினார். நேரே வந்தவர் அப்பா.

"பூவை மழையா ஆக்கினீயளே, அதுக்கு எம்புட்டு யோசிச்சிருக்கணும்" என்றார் அப்பா. அப்பா யாரையும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை.

"யோசிச்சது நான் இல்லண்ணாச்சி. நான் தப்பு பண்ணினேன். நூல் பிடிச்ச ஆளுதான் சரி பண்ணுனது" என்று தன் மணிக்கட்டைக் காட்டினார் அண்ணன். மறைக்கவே இல்லை. பெட்டிக்குப் பின்னால் நான் இன்னும் குனிந்துகொண்டேன்.

அப்பா அந்த நூலை இரண்டு விரலால் பிடித்து உருட்டினார். நூலின் ரகம் பார்க்க வியாபாரத்தில் எப்போதும் செய்வதுதான். "நாப்பதாம் நம்பர், ரெட்டைப் பிரி" என்றார். பிறகு மறுபடி உருட்டினார். "இது நம்ம கடைச் சரக்குல்லா. யாரு குடுத்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். கடைத்தெருவில் வாங்கினேன் என்றால் முடிந்தது. என்னைக் காட்டிக்கொடுத்திருக்கவும் செய்யலாம். நல்ல எண்ணத்தில்தான் காட்டிக்கொடுத்திருப்பார். அவர் இரண்டையும் செய்யவில்லை. "குடுத்த ஆளும் பிடிச்ச ஆளும் ஒண்ணுதான் அண்ணாச்சி. பேரு நான் சொல்லக் கூடாது. அவியளே ஒரு நாள் வந்து சொல்லுவாக. எனக்கு அம்புட்டு நம்பிக்கை" என்றார்.

அப்பா நூலை விட்டுவிட்டுப் போனார். பெட்டிகளின் பக்கம் பார்த்தாரா இல்லையா என்பதை நான் இன்றுவரை நிச்சயமாகச் சொல்ல முடியாது. கண்ணை இறுக மூடியிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு நான் வெளியே வந்து, "பூ வந்தப்போ வெக்கமா இல்லையா அண்ணே" என்று கேட்டேன். அவர் டேப் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "வெக்கப்பட நேரம் எங்க இருந்துச்சு? நீதான் ரெண்டு இழுப்பு இழுத்துட்டியே."

அதற்குப் பிறகு அவரைத் தெருவில் பார்த்தால் இடது கையை லேசாகத் தூக்கிக் காட்டுவார். பக்கத்தில் யார் இருந்தாலும் அது அவர் கடிகாரம் பார்ப்பது போலத்தான் தெரியும். எனக்குத் தெரியும். என் பெயர் கெடாமல் எனக்கு வணக்கம் சொன்ன ஒரே மனிதர் அவர். மே மாதக் கல்யாணங்களில் அலைந்து கறுத்துப்போயிருந்தார். மறுபடி ஒரு நிகழ்ச்சி செய்ய வேண்டும், இந்த முறை நெருப்பைப் பற்றி, சிவகாசியை எடுக்க வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டிருந்தார். "அந்த நூல்காரப் புள்ளைய விட்டுராதீங்க" என்றும் சொன்னாராம்.

நேற்று இரவு சாப்பிடும்போது அப்பா தானாகப் பேச்செடுத்தார். வீடியோக்காரர் இறந்த செய்தி கடைத்தெருவுக்கு வந்திருக்கிறது. "ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு நானும் போறேன்" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அந்த நூலு யாரு குடுத்ததுன்னு அந்த மனுசன் கடைசிவரைக்கும் சொல்லாமயே போயிட்டாரு." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார்.

அதிலிருந்து யோசிக்கிறேன். டீச்சர் வாசித்தால் அழகாக வாசிப்பார். பெயரில்லாமல் இந்தத் தாள் ஒரு நல்ல அஞ்சலியாக இருக்கும். அப்பா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, யாரோ ஒரு ஆள் எழுதியது என்று வீட்டுக்கு வருவார். நான் சோறு பரிமாறுவேன். எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் அவர் ஒன்று சொல்லிவைத்திருக்கிறார். அவியளே ஒரு நாள் வந்து சொல்லுவாக. அதைச் சொன்னவர் இப்போது இல்லை. அதை மெய்யாக்குவதற்கு என்னைத் தவிர யாரும் இல்லை.

ஆரோக்கியம் அண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது சாண் நீள நூல். லூர்து அக்கா கடித்து அறுத்தபோது என் விரலோடு நின்ற முனை. ஜியோமெட்ரி பெட்டியில் வைத்திருக்கிறேன். அதோடு, தவறு நடந்த பிறகும் கையைத் தூக்கி வைக்கலாம் என்று அன்று கற்றுக்கொண்டதும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த நூலை இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருவேன். கால் நடுங்கினால் நானே இரண்டு முறை இழுத்துக்கொள்வேன். பயப்பட நேரம் இருக்காது.

கிரேஸ் டீச்சர், மன்னிக்க வேண்டும். இதை நீங்கள் வாசிக்க வேண்டாம். மேடையில் ஏறி நானே வாசிக்கிறேன்.

அப்பா, அந்த நூல் நம் கடைச் சரக்குதான். அதைக் கொடுத்ததும் பிடித்ததும் நான்.

உங்கள் மகள்,
செ. வசந்தி
பன்னிரண்டாம் வகுப்பு